கைராசி போதாது!

"அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்று யாராவது என்னிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். அந்தக் கைராசியைக் கணக்குப் பார்த்தவர் யார்? பிழைத்தவன் ஊரெல்லாம் போய்ச் சொல்லுகிறான்; சரி. பிழைக்காதவன் எங்கே போய்ச் சொல்லுவான்? மளிகைக் கடையில் ஒரு ரூபாய் குறைந்தால் திரும்பிப் போய்க் கணக்குக் கேட்கிறவர்கள் நாம். உயிரை ஒப்படைக்கிற இடத்தில் மட்டும் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். இந்த மரியாதை நம்மையும் கெடுத்தது, டாக்டர்களையும் கெடுத்தது என்பது என் கட்சி.

இதை முன்பு ஒருமுறை போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அமெரிக்காவில் தொழில் செய்யும் இரண்டு தமிழ் டாக்டர்கள் ஆளுக்கொரு கடிதம் போட்டார்கள். இருவரும் என் கதைகளைப் படிப்பவர்கள். ஆகவே திட்டினாலும் அன்பாகவே திட்டியிருந்தார்கள்.

ஒருவர் தனியாகத் தொழில் நடத்துபவர். செய்கிற வேலைக்கு வேலை கட்டணம் வாங்குகிறவர். அவர் எழுதுகிறார்: "தவறெல்லாம் பெரிய பெரிய டாக்டர் குழுக்களில்தான் நடக்கிறது. அவர்களுக்கு ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்று முன்கூட்டியே பணம் வந்துவிடுகிறது. வைத்தியம் செய்யாமல் இருந்தால் அவர்களுக்கு லாபம். அங்கே நோயாளிக்கு என்ன பாதுகாப்பு இருக்க முடியும்?"

மற்றவர் அப்படிப்பட்ட ஒரு பெரிய குழுவிலேயே இருப்பவர். அவர் எழுதுகிறார்: "எங்களுக்கு நோயாளி சுகமாக இருந்தால்தான் லாபம். தவறு செய்தால் அதைச் சரி செய்யும் செலவும் எங்கள் தலையில்தான் விழும். ஆகவே எங்கள் ஏற்பாட்டில் தவறுகள் தாமாகவே குறைந்துவிடும்."

இருவர் சொல்வதும் தப்பு என்று நான் சொல்லுகிறேன். முதலாமவர் சொல்வது பாதி தப்பு. இரண்டாமவர் சொல்வது ஆபத்தான தப்பு. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தேசத்தில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறார்கள்! அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் போகிற இடத்தைப் பற்றி நமக்கு அக்கறை இருக்கக் கூடாதா?

விஷயம் விளங்குவதற்கு நம் ஊர் ஓட்டலுக்கு வருவோம். ஓட்டலில் சாப்பிட்ட பண்டத்துக்குப் பண்டம் பில். சர்வர் வந்து நிற்கிறார்: "இன்னொரு வடை கொண்டு வரட்டுமா சார்? ரவா தோசை ஸ்பெஷல்." நம் வயிற்றைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, பில்லைப் பற்றித்தான். மாதச் சாப்பாட்டு மெஸ்ஸில் கதை வேறு. முதல் தேதியே பணத்தைக் கட்டிவிட்டோம். அங்கே இரண்டாம் தடவை ரசம் கேட்டால் பரிமாறுகிறவருக்குக் காது கேட்காது. முன்னதில் வயிறு வெடிக்கும். பின்னதில் வயிறு காயும். வைத்தியத்தில் உள்ள இரண்டு சம்பள முறைகளும் இவைதாம். வெட்டுகிறவனுக்கு வெட்டின கணக்குப்படி காசு கொடுப்பது எத்தனை பைத்தியக்காரத்தனம் என்று பெர்னார்ட் ஷா தம்முடைய 'டாக்டர்ஸ் டைலமா' நாடகத்துக்கு எழுதிய நீண்ட முகவுரையில் சாடியிருக்கிறார். சரி, வெட்டாமல் இருப்பதற்குக் காசு கொடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் அமெரிக்கர்கள் தொண்ணூறு ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்து வருகிறார்கள்.

அந்தச் சோதனையின் ஆரம்பம் அழகானது. 1933ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் பாலைவனத்தில் கொலராடோ நதியின் தண்ணீரை லாஸ் ஏஞ்ஜலஸ் பக்கம் கொண்டு போகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கூலியாட்கள். சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் டாக்டர் அங்கே 12 படுக்கையுடன் ஓர் ஆஸ்பத்திரி போட்டார். அடிபட்டவர்களுக்கு வைத்தியம் செய்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பில் அனுப்பினார். கம்பெனிகள் இழுத்தடித்தன. ஆஸ்பத்திரி மூடுகிற நிலைக்கு வந்தது. அப்போதுதான் ஓர் ஏற்பாடு பிறந்தது: ஒவ்வொரு தொழிலாளிக்கும் நாளைக்கு 5 சென்ட் முன்பணமாக டாக்டரிடம் வந்துவிட வேண்டும், அதற்குள் என்ன அடிபட்டாலும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாளிலிருந்து டாக்டரின் புத்தி வேறு வழியில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று சொல்வார்கள். அதுவரை காலில் ஆணி ஏறி வந்தவன் அவருக்கு வருமானம். இப்போது அவன் செலவு. ஆகவே அவர் ஆஸ்பத்திரியை விட்டு வேலை நடக்கும் இடத்துக்கே போனார். பலகைகளில் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளைத் தட்டி மடக்கச் சொன்னார். சுரங்கத்தில் கல் விழாமல் முட்டுக் கொடுக்கச் சொன்னார். காலில் ஏறிய ஆணியைப் பிடுங்குகிற டாக்டர் நூறு பேர் உண்டு. பலகையில் இருக்கும்போதே அதைத் தட்டச் சொன்ன டாக்டரை நான் மனமாரக் கும்பிடுகிறேன். அந்த ஏற்பாடுதான் பிறகு கப்பல் கட்டும் தளங்களுக்குப் போய், 1945ல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு, கைஸர் பெர்மனென்டே என்ற பெயரில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பார்த்துக்கொள்கிறது. 1973ல் அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இம்மாதிரி அமைப்புகள் தேசமெங்கும் முளைக்க உதவியது.

என் இரண்டாவது டாக்டர் நண்பர் இந்த ஆணிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார். நான் நிறுத்த மாட்டேன்.

1991ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கு அடிவயிற்றில் வலி. அவர் போன இடம் டாக்டர்களே சொந்தமாக நடத்திய ஒரு குழு. முன்பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் செய்வது. ஆண்டு முடிவில் மிஞ்சுகிற பணத்தை டாக்டர்களே பங்கிட்டுக்கொள்வது என்பது அங்கே ஏற்பாடு. ஆறு நாள் கழித்து வயிற்றில் 6 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் அளவில் வீங்கிய கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் உடனே அல்ட்ராசவுண்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஐம்பது மைலுக்கு அப்பால் குழுவின் ஆட்களே நடத்தும் இடத்தில் எடுப்பதற்காக எட்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். எட்டு நாள் முடிவதற்குள் குடல்வால் வெடித்தது, வயிறெல்லாம் சீழ்.

அந்தப் பெண்மணி வழக்குப் போட்டார். தவறான வைத்தியத்துக்கு 35,000 டாலர் நஷ்டஈடு கிடைத்தது. அவர் அத்துடன் நிற்கவில்லை. "மிச்சம் பிடித்தால் டாக்டருக்குப் பங்கு என்ற ஏற்பாடே துரோகம்" என்று வாதாடினார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். தீர்ப்பை எழுதியவர் டேவிட் சூட்டர். சாராம்சம் இதுதான்: செலவைக் குறைப்பதில் டாக்டருக்கு ஏதோ ஒரு விதத்தில் அக்கறை வைக்காமல் இப்படிப்பட்ட அமைப்பு எதுவும் நடக்காது, அப்படி ஓர் அமைப்பு வேண்டுமென்று சட்டம் செய்தது நாட்டின் பிரதிநிதிகள் சபை, அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது கோர்ட்டின் வேலை அல்ல.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அது நமக்குச் சொல்லும் பாடம் என்ன? நிலையான கட்டணம் வாங்குகிற குழுவில் நோயாளியின் பாதுகாப்பை அந்தக் கட்டணம் பார்த்துக்கொள்ளாது. வேறு எவனாவது வேலையாகப் பார்த்தால்தான் உண்டு. "தவறின் செலவு எங்கள் தலையில்தான்" என்கிறாரே நண்பர், எப்போது விழும் அந்தச் செலவு? இன்று கவனிக்காமல் விட்ட சிறுநீரகம் பத்து ஆண்டு கழித்துக் கெடும். அதற்குள் அந்த மனிதன் வேலை மாறி, இன்ஷூரன்ஸ் மாறி, வேறொரு குழுவின் தலைவலியாகப் போயிருப்பான். மிச்சம் இந்த ஆண்டே கைக்கு வரும்; செலவு யாருக்கோ என்றோ போகும். இந்தக் கணக்கு நம் ஊர் வட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். டாக்டர் குழுவின் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாதா?

இதைப் படிக்கும் என் முதல் டாக்டர் நண்பர் மகிழ்ச்சியால் துள்ளக்கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவர் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு.

1990க்குப் பிறகு மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்குக் கடுமையான அளவில் மருந்து கொடுத்து, பிறகு எலும்பு மஜ்ஜையைத் திரும்பச் செலுத்துகிற ஒரு சிகிச்சை பிரபலமாயிற்று. கட்டணம் பிரமாதம். முன்பணம் வாங்கிய அமைப்புகள், "இது இன்னும் பரீட்சை நிலையில் இருக்கிறது" என்று மறுத்தன. மறுக்கப்பட்ட ஒரு பெண் இறந்துபோக, 1993 டிசம்பரில் கலிபோர்னியா ஜூரிகள் அவர் குடும்பத்துக்கு 8 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். தேசமே கைதட்டியது. பயந்துபோன கம்பெனிகள் பணம் கட்டின. பல்லாயிரம் பெண்கள் அந்தச் சித்திரவதையை அனுபவித்தார்கள். சிலர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். 1999ல் பரீட்சை முடிவுகள் வெளிவந்தன: சாதாரண சிகிச்சையைவிட அது ஒரு நாள்கூட ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கூட்டுகிறது என்று சொன்ன ஒரே பெரிய ஆராய்ச்சியும் பொய்க்கணக்கு என்று 2000ல் அம்பலமாயிற்று.

வடை கொண்டு வருகிறவர்களும் ஆளைக் கொல்லலாம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். மறுத்தவர்கள் புண்ணியவான்கள் என்று நான் சொல்லவில்லை. பணத்துக்காக மறுத்தவர்களும் இருந்திருப்பார்கள். பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து எங்கே உயிர் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்கிறேன்.

பின் எதை வைத்துச் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அக்காள் மகள் வெகு காலமாக அந்த நாட்டில் இருக்கிறாள். பல ஆண்டுகளுக்கு முன் களைப்பாக இருக்கிறதென்று தன் குழு டாக்டரிடம் போனாள். நல்ல மனிதர், சிரித்துப் பேசுகிறவர், அவளுடைய பாஷையில் சொன்னால் கைராசிக்காரர். ரத்தம் எடுத்தார்கள். "ஏதாவது இருந்தால் கூப்பிடுவோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. ஆகவே ஏதுமில்லை என்று இருந்தாள். பதினோரு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக வேறொரு டாக்டரிடம் போனபோது, அவர் பழைய காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உனக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து இவ்வளவு குறைந்திருந்ததே, யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று, பிழைத்துக்கொண்டாள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? டாக்டர் பணத்துக்காக மறைத்தாரா? இல்லை. அவர் அந்த வாரம் விடுமுறையில் இருந்தார். முடிவு வந்தது, அவர் இடத்தில் பார்த்தவர், அவர் வந்து பார்ப்பார் என்று விட்டார், அவர் வந்தபோது, இவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார். நாலு பேர் கெட்டிக்காரர்கள். நாலு பேருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் ஒரு பெண்ணின் உயிர் பதினோரு மாதம் கிடந்தது.

அது ஏதோ அவள் தலையெழுத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2009ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் 23 டாக்டர் நிலையங்களில் 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பரிசோதனையில் கோளாறு தெரிந்தும் நோயாளியிடம் சொல்லாமல் விட்டது, அல்லது சொன்னதற்கு அடையாளமே இல்லாமல் விட்டது, நூற்றுக்கு 7.1. அதாவது பதினான்கு பேரில் ஒருவருக்கு! பல நிலையங்களில், "தகவல் வராவிட்டால் நல்ல தகவல்" என்பதே நடைமுறையாக இருந்தது. அஞ்சலில் தொலைந்த காகிதமும் நல்ல தகவல்தானா?

1999ல் அந்நாட்டு மருத்துவக் கழகம், ஆஸ்பத்திரித் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டு ஓர் அறிக்கை விட்டது. உலகமே திடுக்கிட்டது. ஆனால் அது ஆஸ்பத்திரிக் கணக்கு. ஆஸ்பத்திரிக்குள் படுக்காமல், டாக்டர் அறையில் வந்து போகிறவர்களின் கணக்கு அதில் இல்லை. 2014ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி அப்படி வந்து போகும் பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கு, அதாவது ஆண்டுக்கு சுமார் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு, நோயைக் கண்டுபிடிப்பதில் பிழை நேருகிறது. கத்தி நழுவுவதை எல்லாரும் பார்க்கிறார்கள்; காகிதம் நழுவுவதை ஒருவரும் பார்ப்பதில்லை.

காகிதம் நழுவினால் எத்தனை பெரிய நாசம் வரும் என்பதற்கு, ஆணியைத் தட்டிய அதே கைஸர் அமைப்பே சாட்சி. 2004ல் வட கலிபோர்னியாவில் அந்த அமைப்பு, சிறுநீரகம் மாற்ற வேண்டிய தன் நோயாளிகளைப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளிலிருந்து எடுத்துத் தன் சொந்த நிலையத்துக்கு மாற்றிக்கொண்டது. காத்திருப்போர் பட்டியலில் அவர்கள் அதுவரை காத்திருந்த காலத்தையும் முறையாக மாற்றியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தக் காகித வேலை நடக்கவில்லை. 2005ல் அந்த நிலையத்தில் சிறுநீரகம் பெற்றவர்களைப்போல் இரு மடங்கு பேர் காத்திருந்தே இறந்தார்கள். 2006ல் பத்திரிகைகள் இதை வெளியிட்ட பிறகு நிலையத்தை மூடினார்கள். மாநில சர்க்கார் 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அங்கே எந்த டாக்டரின் கைராசி கெட்டுப்போயிருந்தது? ஒருவருடையதும் இல்லை. யாருடைய பெயர் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். என் இரண்டாவது நண்பர் தம்முடைய குழுவின் பெருமை என்று எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையான பெருமை அவர் கண்ணில் படவேயில்லை. கட்டணத்துக்கு வைத்தியம் செய்கிற தனி டாக்டருக்குத் தம் வாசலுக்கு வந்தவனை மட்டும்தான் தெரியும். வராதவன் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்குக் கடமையும் இல்லை. மாதக் கட்டணம் வாங்கும் குழுவின் கையிலோ ஒரு பட்டியல் இருக்கிறது. இத்தனை லட்சம் பேர், இன்னின்ன பெயர், இன்னின்ன வயது, இன்னின்ன பரிசோதனை என்ற பட்டியல். யார் வரவில்லை என்று அந்தப் பட்டியல் சொல்லும். வராதவனுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் வாங்குகிறார்கள். ஆகவே வராதவனைத் தேடிப் போவது தர்மம் அல்ல, கடன்!

இது ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தென் கலிபோர்னியாவில் அதே கைஸர் அமைப்பின் டாக்டர்கள் ஒரு வலை விரித்தார்கள். கம்ப்யூட்டரை விட்டு அத்தனை பேருடைய பதிவுகளையும் சலிக்கச் சொன்னார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஒருமுறை கூடியிருந்து மறுபடி பார்க்கப்படாதவர்கள் யார்? கோளாறான பரிசோதனை முடிவுக்குப் பிறகு ஒருவரும் கவனிக்காதவர்கள் யார்? ஆபத்தான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு வராதவர்கள் யார்? சலித்து எடுத்த பெயர்களை நர்சுகளிடம் கொடுத்து, வீட்டுக்கு டெலிபோன் செய்யச் சொன்னார்கள். டாக்டர் மறந்தாலும் நோயாளி மறந்தாலும் வலை மறக்காது. ஒரே நிறுவனத்தில் ஒரு பக்கம் சிறுநீரகப் பட்டியல் தொலைகிறது. இன்னொரு பக்கம் கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தைப் பட்டியலைக் கொண்டே தேடிப் பிடிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கட்டண முறைதான். வித்தியாசம் எங்கே இருக்கிறதென்று இனியாவது என் நண்பர்கள் இருவரும் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

"கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று சொல்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. நான் சொன்ன 2009 ஆராய்ச்சியிலேயே, பாதி காகிதமும் பாதி கம்ப்யூட்டருமாக இருந்த நிலையங்கள்தாம், முழுக்கக் காகிதத்தில் நடத்தியவர்களையும்விட மோசமாக இருந்தன. 2013ல் அமெரிக்கப் படைவீரர் நல ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களைக் கேட்டார்கள். ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 63 எச்சரிக்கைகள் கம்ப்யூட்டரில் வந்து விழுகின்றன. ஏதோ ஒரு முடிவைத் தவறவிட்டு அதனால் வைத்தியம் தாமதப்பட்டதாக நூற்றுக்கு முப்பது பேர் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் நாள் முழுவதும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் கடைசியில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அது டாக்டரின் சோம்பேறித்தனம் அல்ல, மனித சுபாவம். அறுபத்து மூன்றில் எது முக்கியம் என்று பிரித்துக் கொடுக்கவும், கவனித்தாயிற்றா என்று பின்னால் பார்க்கவும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். குழுவின் மிச்சப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அதற்குப் பிறகுதான் டாக்டர்களின் பங்கு.

இதைவிடக் கடினமான காரியம் ஒன்று உண்டு: தவறைச் சொல்வது. பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்ற ஒரு சர்ஜன் இருந்தார். "ஒவ்வொரு நோயாளிக்கும் ஓராண்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதுங்கள், சரியாக வராவிட்டால் ஏன் என்று எழுதுங்கள்" என்று சக டாக்டர்களிடம் சொன்னார். சொல்வதோடு நிற்கவில்லை. 1911 முதல் 1916 வரை தம் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 337 பேரில் 123 தவறுகள் நடந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். தொழில் உலகம் அவருக்கு என்ன மரியாதை செய்தது? ஒதுக்கி வைத்தது. 1940ல் இறந்தார். அவர் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் நட 2014 வரை ஆயிற்று. 123 தவறுகளை ஒப்புக்கொண்டவரின் கைக்கும், ஒரு தவறும் இல்லை என்று சொல்கிறவரின் கைக்கும் நடுவே நீங்கள் எதை நம்புவீர்கள்? என் உடம்பை நான் காட்மனிடம்தான் கொடுப்பேன்.

விமானம் ஓட்டுகிறவர்கள் இந்த விஷயத்தில் டாக்டர்களைவிடப் புத்திசாலிகள். அமெரிக்காவில் 1976 முதல், அறியாமல் தவறு செய்த விமானி பத்து நாட்களுக்குள் தாமே எழுதிக் கொடுத்தால் தண்டனையிலிருந்து காப்பாற்றும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. எழுதிக் கொடுப்பதும் தண்டிக்கிற இலாகாவிடம் அல்ல, விண்வெளி ஆராய்ச்சி செய்யும் நாஸாவிடம். லட்சக்கணக்கான தவறுகள் அப்படிச் சேர்ந்து, அடுத்த விமானிக்குப் பாடமாகியிருக்கின்றன. விமானியும் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒரு வசதி. டாக்டர் நோயாளியின் படுக்கையில் படுப்பதில்லை. அதனால்தான் அவருக்கு இந்த ஏற்பாடு இன்னும் அதிகமாக வேண்டும்.

ஆகவே பெரிய டாக்டர் குழுக்களை நான் கேட்பது இவ்வளவுதான். பரிசோதனை முடிவு நல்லதோ கெட்டதோ, ஒன்றுவிடாமல் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்பாளர் இன்னார் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். அவர் விடுமுறையில் போனால் அடுத்தவர் பெயர் அங்கே வர வேண்டும். வராதவர்களைத் தேடும் வலை எல்லாக் குழுக்களிலும் இருக்க வேண்டும். தவறைச் சொன்ன நர்சுக்கும் டாக்டருக்கும் தொல்லை வரக் கூடாது. மறைத்தவருக்கு வர வேண்டும். எத்தனை தவறு, எத்தனை தாமதம் என்று ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து அச்சிட வேண்டும். ஒரு சோதனையை எழுதாமல் விட்டதற்காக எந்த டாக்டரின் கையிலும் தனியாகப் பணம் விழக் கூடாது. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் 1996லேயே இதற்கு விதி செய்தார்கள்: அவசியமான வைத்தியத்தைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கக் கூடாது, வருமானத்தில் கால் பங்குக்கு மேல் இப்படிப் பணயம் வைக்கப்பட்டால் நஷ்டத்துக்குத் தனி இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். சர்க்காரே பயந்து வேலி போட்ட இடத்தில், மாடு மேயாது என்று நண்பர் சத்தியம் செய்கிறார்!

இதற்கெல்லாம் பணம் செலவாகும் என்பார்கள். ஆகும். மாதம் தவறாமல் பணம் வாங்குகிறவர்கள் செலவைப் பற்றி அழக் கூடாது. டாக்டரைக் குமாஸ்தா ஆக்குகிறீர்கள் என்பார்கள். ஒரு குமாஸ்தா பட்டியலைச் சரியாகப் பார்த்திருந்தால் எத்தனை பேர் சிறுநீரகத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள்! குமாஸ்தாவை இளப்பமாகப் பேசுகிற டாக்டரிடம் நான் உடம்பைக் காட்ட மாட்டேன்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் பரிசோதனை முடிவுகளைத் தாமதமில்லாமல் நோயாளியே பார்க்க விட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போது, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று பொதுவாக எழுதி முடிக்காதீர்கள். "ரத்தம் கொடுத்தாயே, முடிவைப் படித்தாயா? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டு எழுதுங்கள். அது டாக்டரைச் சந்தேகிப்பது ஆகாது. அவர் மறந்துபோகக்கூடிய மனிதர் என்று ஒப்புக்கொள்வது. மனிதர் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவரிடம் கணக்குக் கேட்க முடியும். தெய்வத்திடம் யார் கணக்குக் கேட்பார்கள்?